சுவர் எடுத்த கதை

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை வேண்டும், இனிப் பொறுப்பதில்லை என்று பிழையார் முடிவு கட்டிவிட்டார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் என்பதால் அங்கே அவருக்கு அந்தப் பெயர். ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவருக்கு வீட்டில் கிடைத்த இடம் சாப்பாட்டு மேஜையில் பாதி. மறுபாதியில் மனைவி காய் நறுக்குவாள். ஒருமுறை வெங்காயத்தோல் ஒட்டிய தாள் அப்படியே அச்சகத்துக்குப் போய், "இது என்னய்யா புது எழுத்து?" என்று முதலாளி கேட்டுவிட்டார்.

கூடத்து ஜன்னலோரமாக ஒரு சுவர், ஒரு கதவு. அறை தயார். ஆனால் மனைவியிடம் சொல்லத்தான் வெட்கம். அடுப்படி இடுக்காக இருக்கிறது, நடுச்சுவரை இடித்து ஸ்டோர் ரூமைச் சேர்த்துவிடலாம் என்று அவள் வருஷக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறாள். "பழைய வீடு. ஒரு செங்கல்லைத் தொட்டாலும் மொத்தமா உட்கார்ந்துடும்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர் இவர். தனக்கு ஒன்று என்றதும் வீடு திடமாகிவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது?

மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பியதும் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"சுவர் எடுக்கணும். கூடத்துல சாக்பீஸால கோடு போட்டிருக்கேன். சாவி செருப்பு அலமாரியில இருக்கு."

"அம்மா இல்லீங்களா?"

"இல்லை. அவங்களுக்குத் தெரியவும் கூடாது."

"சரிங்க சார்" என்றார் கொத்தனார், ரொம்பப் பணிவாக.

சாயங்காலம் அச்சகத்திலிருந்து திரும்பி வந்தால், கூடத்தில் சுவரைக் காணோம். அடுப்படியிலும் சுவரைக் காணோம். அங்கே இருந்த சுவரைத்தான் காணோம்! ஸ்டோர் ரூமின் பழைய பெட்டிகள், கால் உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி எல்லாம் ஜன்னலோரத்தில் அவருடைய கோட்டின் மேல் குந்தியிருந்தன.

"என்னய்யா இது?"

"எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன்."

"எடுக்கிறதுன்னா எழுப்புறதுய்யா!"

"கோடு போட்ட இடத்துல சுவரே இல்லையே சார். இல்லாத சுவரை எப்படி எடுக்கிறது? அதான் இருந்ததை எடுத்தேன்."

சண்டையை வளர்ப்பதற்குள் மனைவி அக்காவோடு உள்ளே வந்துவிட்டாள். அடுப்படியைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

"பாருக்கா! வேணாம் வேணாம்னுட்டு, நான் இல்லாத நேரமாப் பார்த்துச் செஞ்சு வெச்சிருக்காரு!"

"குடுத்து வெச்சவடி நீ" என்றாள் அக்கா. "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே, ஆணி அடிக்கச் சொன்னா சுத்தியலைத் தேடியே ஒரு வருஷம் ஓட்டுவாரு. மாப்பிள்ளை, உங்க மனசு யாருக்கு வரும்?"

பிழையாருக்குக் காது மடல் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். செய்யாத நல்லதுக்குக் கிடைத்த பாராட்டுக்குத் தலை நிமிரவில்லை.

அக்கா விடைபெற்றுப் போனாள். விசாலமான அடுப்படியில் மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டப்பாக்களை அடுக்கினாள். இவளையா ஏமாற்றப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் போய் நின்றார்.

"இந்தா... ஒண்ணு சொல்லணும். இதை நான் உனக்காகச் செய்யலை. எனக்குன்னு ஓர் அறை வேணும்னுதான் சுவர் எடுக்கச் சொன்னேன். அந்த ஆள் புரியாம..."

"புரியாம என்ன? உங்க போனை வெச்ச கையோட எனக்குப் பண்ணிட்டாரு. எந்தச் சுவரை எடுக்கணும்னு சொன்னதே நான்தான்."

பிழையார் அவள் கண்ணையே பார்த்தார்.

"அப்போ அந்தக் கண்ணீர்?"

"இடிச்ச தூசிங்க. கண்ணுல விழுந்துடுச்சு." டப்பாவை மூடிவிட்டு நிதானமாகத் திரும்பினாள். "இதுக்குப் போயி ஏன் இவ்வளவு ஒளிவு மறைவு? அறை வேணும்னு என் முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அப்பவே ஒண்ணு குடுத்திருப்பேனே!"

பிழையாரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.