வாத்து காட்டும் வட்டி

நீர்மங்கலம் என்ற நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தங்கள் அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட ஒரே அரசர்தான் இருந்தார் என்பதால் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை.

வீட்டின் மேல் கடன் வேண்டியவர்கள் அரண்மனை அடமானச் சாலைக்குப் போவார்கள். மூன்று தவணை தவறினால் சாலையின் ஆட்கள் வந்து வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். வீட்டை எடுத்துக்கொள்வதில்லை. வீட்டைப் பறிப்பது கொடுமை என்று அரசர் கருதினார். கதவில்லாத வீட்டில் எவரும் அதிக நாள் இருக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

வட்டி எவ்வளவு என்று யார் முடிவு செய்வது என ஒரு காலத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அமைச்சர் அம்பலத்தாடி வழி சொன்னார். ஏரியின் நடுவே ஒரு கல்தூண் நட்டு, ஒன்று முதல் இருபது வரை கோடுகள் போட்டார்கள். தூணில் ஒரு மரவாத்தைக் கோத்துவிட்டார்கள். நீர் ஏறினால் வாத்து ஏறும், இறங்கினால் இறங்கும். அதன் அலகு நிற்கும் கோடுதான் அந்த ஆண்டின் வட்டி. மழை பெய்தால் விளைச்சல் இருக்கும், கூடுதலாகக் கட்டலாம். காய்ந்தால் குறைத்துக் கட்டலாம். இதில் மனிதக் கை எதுவும் இல்லை என்பதால் மக்கள் மகிழ்ந்து வாத்துக்கு மாலை போட்டார்கள். அம்பலத்தாடி மிதவை அமைச்சர் ஆனார்.

முதல் ஆண்டு அலகு ஏழில் நின்றது. அடுத்த ஆண்டு நல்ல மழை, பன்னிரண்டுக்குப் போனது. எல்லாரும் கட்டினார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகள் மழையே இல்லை. அப்போதும் பன்னிரண்டுதான் கட்டினார்கள்.

பூவாத்தாள் சாயம் தோய்த்த நூலை ஏரியில் அலசிக் கொடுத்துப் பிழைப்பவள். சாயக் கொப்பரை வாங்க வீட்டை அடமானம் வைத்திருந்தாள். மழை பெய்த ஆண்டில் ஏரிப் படித்துறையின் இரண்டாம் படியில் நின்று அலசினாள். பிறகு ஐந்தாம் படி, ஒன்பதாம் படி. ஈர நூல் மூட்டையோடு ஏறுகிறவளுக்குப் படிகளின் எண்ணிக்கை முழங்காலிலேயே தெரியும். பதினான்காம் படியில் நின்றபோது ஒருநாள் நிமிர்ந்து தூணைப் பார்த்தாள். நீர் நான்காம் கோட்டில் இருந்தது. வாத்து பன்னிரண்டாம் கோட்டில், அந்தரத்தில் இருந்தது.

நீரின் கணக்குப்படி அவள் கடன் போன ஆடியிலேயே தீர்ந்திருக்க வேண்டும். வாத்தின் கணக்குப்படி அவள் இரண்டு தவணை தவறியிருந்தாள். மூன்றாவதுக்கு இருபது நாள் இருந்தது.

மறுநாள் காலை அடமானச் சாலைக்குப் போனாள். கணக்கர் நாச்சிமுத்து சிவப்புத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, வாத்து தண்ணியில இல்லீங்களே. அந்தரத்துல நிக்குதுங்க."

அவர் பத்திரத்தை எடுத்து விரலால் தடவிப் படித்தார். "இங்க பாரு பூவாத்தா. வாத்து காட்டும் வட்டின்னு எழுதியிருக்குது. தண்ணி காட்டும் வட்டின்னு எங்காச்சும் எழுதியிருக்குதா?"

"மிதக்கற வாத்துன்னுதானுங்க சொன்னீங்க."

"சொன்னது வேற, எழுதுனது வேற."

முறையீடு இருந்தால் பிற்பகலில் முறையீட்டு அதிகாரியைப் பார்க்கச் சொன்னார். பிற்பகலில் அதே நாற்காலியில் அதே நாச்சிமுத்து நீலத் தலைப்பாகையோடு இருந்தார். நடந்ததை முதல்முறையாகக் கேட்பவர்போல் வருத்தத்தோடு கேட்டார். கணக்கர் அப்படியா பேசினார் என்று தலையை ஆட்டினார். அவரிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்புவதாகவும், பதில் வர நாற்பது நாள் ஆகும் என்றும் சொன்னார். முறையீட்டுக் கட்டணம் அவளிடம் இல்லாததால் அதைப் பெருந்தன்மையோடு அவள் கடனிலேயே சேர்த்துக்கொண்டார்.

விஷயம் பரவி, ஒரே வாரத்தில் இருநூறு முறையீடுகள் வந்தன. ஏரியைப் பார்ப்பதால் குடிமக்களின் மன அமைதி கெடுவதை அரசு கவனித்தது. துறையில் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு அபராதம் என்று முரசறைந்தார்கள். பெண்கள் குனிந்தபடியே அலசினார்கள், குனிந்தபடியே படியேறினார்கள்.

தவணைக்கு மூன்று நாள் இருக்கையில் பூவாத்தாள் ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு சேற்றிலும் முட்டளவு நீரிலும் நடந்து தூணுக்குப் போனாள். ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, வாத்தின் வயிற்றுக்கடியில் கையால் தடவினாள். பார்க்கத்தான் தடை. கீழே குனிந்து நின்ற பெண்களிடம், "ஆணி அடிச்சு வெச்சிருக்காங்கடி," என்று மட்டும் சொன்னாள்.

தேர்தலுக்கு இரண்டு மாதமே இருந்ததால் அரசர் உடனே சபையைக் கூட்டினார். மிதவை அமைச்சர் எழுந்தார்.

"ஆணி அடிக்கப்பட்டிருப்பது உண்மையே. காற்றில் வாத்து ஆடி, மக்கள் தவறான வட்டியைக் கட்டிவிடக் கூடாதே என்ற கவலையால் அடிக்கப்பட்ட ஆணி அது. உலகமெங்கும் வட்டி தள்ளாடியபோது நம் நாட்டில் மட்டும் அது அசையாமல் நின்றதற்கு அந்த ஆணிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்."

அரசர் பூவாத்தாளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். கூடுதலாக வாங்கியதைக் கழிக்க வேண்டும், கணக்கை முடிக்க வேண்டும், கதவைத் தொடக் கூடாது என்றெல்லாம் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஆணியப் புடுங்குங்க சாமி," என்றாள். "அது போதுமுங்க."

சபை கைதட்டியது. அரசர் ஒப்புக்கொண்டார். ஆணி பிடுங்கப்படும் வரை எவர் கதவும் கழற்றப்படாது என்றும் அறிவித்தார். அமைச்சர் ஒரு சிறு இடையூறை மட்டும் பணிவோடு சுட்டிக்காட்டினார். இப்போதே பிடுங்கினால் வாத்து எட்டுக் கோடு கீழே விழுந்து உடையும். அரசுச் சொத்து. ஆகவே முதலில் நீரை வாத்து வரை உயர்த்த வேண்டும். வீட்டுக்கு நாளொன்றுக்கு நூறு குடம், அவரவர் கிணற்றிலிருந்து.

மக்கள் சுமந்தார்கள். தங்கள் வாத்தைத் தாங்களே விடுவிப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. பூவாத்தாள் அளவுக்கு யாரும் சுமக்கவில்லை. இரண்டு மாதத்தில் கிணறுகள் வற்றின, ஏரி நிறைந்தது. மேற்பார்வையாளர்கள் பாதுகாப்புக்காக வாத்தின் கழுத்து முங்கும் வரை ஊற்றச் சொன்னார்கள்.

அரசர் படகில் போய்த் தம் கையாலேயே ஆணியைப் பிடுங்கினார். முங்கியிருந்த வாத்து துள்ளி மேலே வந்து, இருமுறை ஆடி, பதின்மூன்றாம் கோட்டில் நின்றது. மிதக்கிறது, மிதக்கிறது என்று கரையெங்கும் ஆரவாரம்.

மறுநாள் காலை நாச்சிமுத்து அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். "இப்பத் தண்ணியும் வாத்தும் ஒண்ணாத்தானே நிக்குது? வித்தியாசம் இருந்தாத்தானே ஆயா திருப்பித் தர முடியும்? நீ கேட்டது ஆணி. அதைப் புடுங்கியாச்சு."

மாலையில் நான்கு ஆட்கள் வந்தார்கள். கதவின் கீழ்க்கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது. நிலை உடைந்துவிடப் போகிறதே என்று பூவாத்தாளே விளக்கெண்ணெய் கொண்டுவந்து விட்டாள்.

அதே வாரம் தேர்தல் நடந்தது. ஆணியைப் பிடுங்கிய அரசருக்கே வாக்கு என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. வாக்குச் சாவடியில் நாச்சிமுத்து வெள்ளைத் தலைப்பாகையோடு பட்டியலை விரித்து வைத்திருந்தார். அவளை முன்பின் தெரியாதவர்போல் நிமிர்ந்து பார்த்தார்.

"கதவு எண் சொல்லும்மா."

"கதவு உங்ககிட்டத்தானுங்க இருக்குது."

கதவு எண் இல்லாதவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை என்று அவர் சொன்னார். அவளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரிடம் கதவு எண் கேட்டார். அவர் கதவும் அடமானச் சாலையில்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் வரிசை ஏரிக்கரை வரை நீண்டிருந்தது.