அங்குலத்தின் டிராயிங் நோட்டு

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பல் துலக்குவதற்கு முன்பே அங்குலம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் அவர் ஓவியர்.

இதில் அவர் மனைவிக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஓவியர் என்றால் தனி அறை வேண்டும் என்று அடுத்த வார்த்தை சொன்னார் பாருங்கள், அதில்தான் ஆட்சேபணை.

அங்குலம் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். முப்பத்தொரு வருஷம் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர். கோடு போட்டால் அதன் மேல் அளவு எழுதாமல் அவரால் இருக்க முடியாது. அளவு எழுதிவிட்டால் ஓரத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது. மகளின் பிறந்தநாளுக்கு ஒருமுறை தன் கையாலேயே ஒரு ரோஜாப் பூ வரைந்து கொடுத்தார். காம்பு ஆறே கால் அங்குலம் என்று அதில் குறிப்பு இருந்தது. கீழே கையெழுத்தும் இருந்தது.

மனைவியைத் தெருவில் எல்லோரும் தையலம்மா என்பார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற நடைவழியில் பன்னிரண்டு வருஷமாகத் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போகிற யாரும் அவர் முழங்கையை இடிக்காமல் போனதில்லை. அந்த வீட்டில் அதிகம் தண்ணீர் குடிப்பவர் அங்குலம்.

மகளுக்கு அப்போதுதான் வெளியூரில் வேலை கிடைத்தது. அவள் அறை காலியானது. சண்டை போடாமல் நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். மூன்று நாள் பேசினார்கள். அங்குலம் கலையைப் பற்றி நிறையச் சொன்னார். தையலம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, ஊசியில் நூல் கோத்தபடியே ஒரு யோசனை சொன்னார்.

"நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. ரெண்டு மாசம் டைம். ஒரு பக்கம்கூட வெறுமையா விடாம வரைஞ்சு காட்டிட்டா, ரூம் உங்களுக்கு. இல்லன்னா எனக்கு."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

மாறியதே இல்லை. ஆனால் நாற்பது பக்கம் என்ன பெரிய விஷயம்? ஒரு காலத்தில் ஒரே வாரத்தில் ஒரு மருத்துவமனையையே வரைந்து தள்ளியவர் அவர்.

நோட்டு வந்தது. ஏழு பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. என்ன வரைய வேண்டும் என்று முப்பத்தொரு வருஷமும் யாராவது ஒருவர் சொல்லியிருக்கிறார்கள். இன்று சொல்ல ஆளில்லை. மனத்தில் தோன்றுவதை வரையலாம் என்று கண்ணை மூடினார். மனத்தில் கழிவுநீர்த் தொட்டி ஒன்றின் குறுக்குவெட்டுத் தோற்றம்தான் வந்து நின்றது.

முதல் பக்கத்தில் ஓர் ஆப்பிள். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று மூன்றாக வரைந்தார். இரண்டாம் பக்கம் பக்கத்து வீட்டுப் பூனை. தலையும் முதுகும் அளந்தாகிவிட்டது. வாலுக்கு டேப்பைக் கொண்டுபோனபோது அது எழுந்து போய்விட்டது. மூன்றாம் பக்கம் மேகம். இரண்டு கோடு போடுவதற்குள் அது நகர்ந்தது, இவர் அழித்தார். மறுபடி போட்டார், மறுபடி நகர்ந்தது. நான்காம் பக்கம் கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னையே வரைந்தார். தையலம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீடு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் வாசல் எங்கே என்று கேட்டார்.

ஐந்தாம் பக்கம் ஐந்து நாள் வெள்ளையாகவே கிடந்தது. அங்குலம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தண்ணீர் குடித்தார். மெஷினை இடித்தார். ஆறாம் நாள் தன்மானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏதாவது ஐடியா தோணினா சொல்லேன்."

"எனக்கென்னங்க தெரியும்? நான் துணி வெட்டறவ."

"சும்மா சொல்லு."

தையலம்மா மெஷினை நிறுத்தினார். "அந்தக் காலி ரூமையே வரையுங்களேன். ஒண்ணுமே இல்லாத ரூம். ஜன்னல் வெளிச்சம் காலையில எதுவரைக்கும் வருது, மத்தியானம் எதுவரைக்கும் வருது. பாவமா, அழகா இருக்கும் இல்ல?"

அங்குலம் அசந்துபோனார். வெறுமை, வெளிச்சம். இது கலை. டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். நான்கு சுவரையும் அளந்தார். கதவு உள்பக்கம் திறக்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் ஒரு கால்வட்டம் போட்டு, 'இங்கே எதுவும் வைக்கக் கூடாது' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு யோசனை ஊற்றாகப் பெருகியது. கேட்கும்போதெல்லாம் தையலம்மாவிடம் ஒன்று தயாராக இருந்தது. கனவில் வருகிற மாதிரி ஒரு மேசை, முழுத் துணியை விரித்தாலும் மடங்காமல் கிடக்கிற அளவு நீளம். நூறு நூல்கண்டுகள் நிறம் நிறமாக நிற்கிற ஒரு சின்ன உலகம். ஆளே இல்லாமல் உடைகள் மட்டும் வரிசையாகத் தொங்குவது. இந்த உடைகள் யோசனையில் அங்குலத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"மனுஷன் போயிட்டான், சட்டை மட்டும் நிக்குது. எப்படிம்மா இப்படியெல்லாம் தோணுது உனக்கு?"

"என்னவோ தோணுது. நீள கவுன் தரையில படாம தொங்கணும்னா கம்பி எவ்வளவு உயரத்துல இருக்கணும்னும் போட்டுடுங்க. அப்பத்தான் நெஜமா இருக்கும்."

போட்டார். கம்பியின் கனத்தையும் போட்டார்.

ராத்திரி படுக்கும்போது அவருக்கு மனைவியை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. போட்டியில் எதிரிக்கே வழி சொல்லிக் கொடுக்கிறாளே, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே, இவ்வளவு வெகுளியாக ஒரு மனுஷி இருப்பாளா என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினார்.

இருபத்து நான்கு பக்கம் நிறைந்த அன்று தையலம்மா நோட்டை ஒரு நாள் இரவல் கேட்டார். தெரிந்தவர் ஒருவர் பார்க்க ஆசைப்படுகிறாராம். அங்குலம் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் நோட்டு திரும்பி வந்ததும், முகத்தில் எந்த ஆவலும் இல்லாத மாதிரி, அவர் என்ன சொன்னார் என்று விசாரித்தார்.

"ரொம்ப நேரம் பாத்தாரு. முப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான வேலை பாத்ததில்லன்னாரு."

அன்று அங்குலம் மூன்று வேளைச் சாப்பாட்டை இரண்டே வேளையில் சாப்பிட்டு முடித்தார்.

அதற்குப் பிறகு வந்த யோசனைகளில் ஏனோ பழைய ஆழம் இல்லை. குடை, செருப்பு, டீ கிளாஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார் தையலம்மா. கற்பனை வற்றிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று அங்குலம் விட்டுவிட்டார். பக்கங்கள் நிறைந்தன. கடைசிக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"நாப்பதாவது பக்கம் பெருசா இருக்கட்டுங்க. பூங்காவுல அந்தப் பெரிய மரம் இருக்கே, அதை வரையுங்க. காலையிலேயே போயிடுங்க, சாப்பாடு கட்டித் தர்றேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து நிழல் நகர்றதையும் பாத்து வரைஞ்சாத்தான் அதுக்கு உயிர் வரும்."

போனார். அடிமரத்தை டேப்பால் கட்டிப்பிடித்து அளந்தார். கிளைகளை எண்ணினார். பொழுது சாயும் நேரத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மரத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, வெற்றி வீரராக வீடு திரும்பினார்.

நடைவழியில் மெஷினைக் காணோம். அவர் இடிப்பதற்காகச் சாய்த்த இடுப்பு காற்றில் போய் நின்றது.

அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரோரம் நீள மேசை. அதற்கு மேலே நூறு சின்ன முளைகள் வைத்த பலகை, முளைக்கு ஒரு நூல்கண்டு. ஜன்னலோரம், மத்தியான வெளிச்சம் எட்டுகிற கோட்டுக்குச் சரியாக, மெஷின். மூலையில் கம்பி, அதில் நீள கவுன் ஒன்று தரைக்கு இரண்டு அங்குலம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தச்சர் ஒருவர் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அங்குலத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"சார், நீங்களா? வரைபடம்னா இதுதான் சார் வரைபடம். நான் அளக்கவே வரல, அன்னிக்கு அம்மா கொண்டுவந்த நோட்டுலேர்ந்து குறிச்சுக்கிட்டு, பட்டறையிலேயே எல்லாத்தையும் அறுத்து இழைச்சுட்டு வந்தேன். மயிரிழை தப்பல."

பிறகு பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். மரத்தில் கடைந்த ஆப்பிள். முன்னால், பக்கவாட்டில், மேலே, எங்கே பார்த்தாலும் அளவு சரியாக இருந்தது.

"இது எங்க வருதுன்னுதான் புரியல சார். ஆனா கையெழுத்து இருந்துச்சு, செஞ்சுட்டேன். பூனையை மட்டும் விட்டுட்டேன். அதுல வால் அளவு இல்ல."

அங்குலம் மனைவியைப் பார்த்தார். தையலம்மா புதுமேசையில் துணியை விரித்துக்கொண்டிருந்தார். அது மடங்காமல் கிடந்தது.

"நோட்டு நிறைஞ்சிடுச்சு" என்றார் அங்குலம்.

"தெரியும். ரூம் உங்களோடதுதான். நான் பேச்சு மாறல."

"அப்ப இதெல்லாம்?"

"நீங்க வரைஞ்சதுங்க. பிடிக்கலன்னா சொல்லுங்க, இப்பவே கழட்டிடச் சொல்றேன்."

கழற்றச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை மேசை மேல் போய்விட்டது. முப்பத்தொரு வருஷமாக அவர் போட்ட கோடுகள் எங்கெங்கோ கட்டடமாக எழும்பின. ஒன்றைக்கூட அவர் போய்த் தொட்டுப் பார்த்ததில்லை. இன்று அவர் கோடு மரமாகி, அவர் கைக்கு அடியில் வழவழவென்று கிடந்தது. அதைத் தடவ அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மனைவி முழங்கையை மடக்காமல் கத்தரிக்கோலை ஓட்டுவதை வேறு அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். கழற்றச் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, டேப்பை எடுத்து மேசையை ஒருமுறை அளந்து பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, தான் எங்கே உட்கார்ந்து வரைவது என்று மெதுவாகக் கேட்டார். தையலம்மா நோட்டை வாங்கி ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தார். கதவு திறப்பதற்காக விட்டிருந்த கால்வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். எதுவும் வைக்கக் கூடாது என்று அங்குலமே எழுதி, கையெழுத்துப் போட்டிருந்த இடம். அது ஒன்றுதான் அறையில் காலியாக இருந்தது. தச்சர் அங்கே ஒரு முக்காலியைப் போட்டார். ஓவியர் போய் உட்கார்ந்தார்.

"வர்றவங்களை எல்லாம் கதவைத் தட்டிட்டு வரச் சொல்லியிருக்கேங்க" என்றார் தையலம்மா. "நீங்க எழுந்து ஒதுங்க நேரம் வேணுமில்ல?"