பால் சங்கத்தில் சேர்ந்த தொண்ணூறு தவளைகள்

ஒரு காட்டில் பால் சங்கம் ஒன்று நடந்துவந்தது. காட்டுக்கு எதற்கய்யா சங்கம் என்று கேட்காதீர்கள். ராஜா சிங்கத்துக்குத் திறந்து வைக்க ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எருமைகள் பால் கொடுத்தன. கோடையில் மடி வற்றிப்போன பத்துத் தாய்கள் அதை வாங்கிக் குட்டிகளுக்குப் புகட்டின. நடுவில் செயலாளர் நரி தண்ணீர் ஊற்றினார். அவர் பெயர் குணசீலன். பெற்றவர்கள் ஆசையாக வைத்தது, என்ன செய்வது!

செவந்தி என்கிற மானின் குட்டி ஒருநாள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தது. பத்துத் தாய்களும் சிங்கத்திடம் ஓடின.

"ராஜா, அது பாலே இல்லீங்க! என் குட்டி கால் ஊன மாட்டேங்குது" என்று அழுதது செவந்தி.

"நான் பால் குடிப்பதில்லை" என்றது சிங்கம். "நாளைக்கு வந்து உறுப்பினர்களைக் கேட்பேன். நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறை சொன்னால், நரிதான் எனக்கு மத்தியானச் சாப்பாடு."

நரி, கணக்கு வாத்தியாரான ஆந்தையிடம் ஓடினார்.

"வாத்தியாரே, நாற்பது லிட்டர் கேன்ல எட்டு லிட்டர் தண்ணி. இருபது சதவீதம். ராஜா பத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறார், அதைப் பத்தாக்கணும். எவ்வளவு தண்ணியை எடுக்கணும்?"

"கலந்ததை எப்படிய்யா எடுப்பே? எட்டு எட்டாவே இருக்கட்டும். மொத்தத்தை எண்பதாக்கு. நாற்பது லிட்டர் நல்ல பால் ஊத்து."

"நல்ல பாலுக்கு நான் எங்கே போவேன்!" என்று தலையில் அடித்துக்கொண்ட நரி சட்டென்று நிறுத்தினார். "அப்போ, இருக்கிறதை எடுக்க வேண்டாம். மொத்தத்தைக் கூட்டினா போதுமா?"

"அதேதான் கணக்கு."

நரி நேராகக் குளத்துக்குப் போனார்.

மறுநாள் கூட்டத்தில் பத்துத் தாய்கள் இருந்தன. கூடவே தொண்ணூறு தவளைகள், எல்லாம் புது உறுப்பினர்கள். பால் எப்படி என்று சிங்கம் கேட்டது.

"ஒரு குறையும் இல்லை ராஜா!" என்று தவளைகள் கத்தின. "இன்னும் கொஞ்சம் தண்ணி சேர்த்தாலும் பரவாயில்லை" என்றது ஒரு கிழத் தவளை.

நூற்றில் பத்துதான் குறை சொன்னது. பத்துக்கு மேல் போகவில்லை. சிங்கம் நரியை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பியது.

"அடப்பாவி, தவளை எங்கேடா பால் குடிக்குது? என் குட்டி சாகக் கிடக்கே!" என்று கதறியது செவந்தி.

"தனித்தனியா பார்க்கக் கூடாதும்மா" என்றார் நரி, ரொம்பப் பொறுமையாக. "மொத்தமா பாருங்க."

அடுத்த வாரம் செவந்தி பால் வாங்க வரவில்லை. புகட்டக் குட்டி இல்லை. சங்கத்திலிருந்து அதன் பெயரை அடித்தார்கள். குறை சொல்பவர்கள் ஒன்பதாகி, சதவீதமும் பத்திலிருந்து ஒன்பது சொச்சத்துக்கு இறங்கியது. இந்த முன்னேற்றத்துக்காக நரிக்கு மாலை போட்டார்கள். போட்டது சிங்கம்.

நீதி: பாலில் கலந்த தண்ணீரை எடுக்க முடியாவிட்டால் கவலை வேண்டாம், பால் குடிக்காதவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், குடிப்பவர்கள் தாமாகவே குறைந்துவிடுவார்கள்.