பதினோராவது கால்

அகவை எழுபத்து நான்கு நிரம்பியவனும், அச்சகத்தில் எழுத்துக் கோத்தே எழுத்தறிவு பெற்றவனும், பள்ளிக்கூடத்தின் உட்புறத்தை வாக்களிக்கச் செல்லும்போது மட்டுமே கண்டவனும், தெருவாரால் நேரில் ‘இலக்கணத் தாத்தா’ என்றும் மறைவில் வேறு விதமாகவும் அழைக்கப்படுபவனுமாகிய நான், எங்கள் கல்லூரி விவகாரத்தை உள்ளது உள்ளபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மகன்வழிப் பேத்தி அக்கல்லூரியில் வேதியியல் பயின்று வந்தாள். ஆண்டுக்கு இரண்டு பருவம், மூன்றாண்டுக்கு ஆறு. ஐந்தைத் தேறி, ஆறாவதில் பாதி வழி வந்திருந்தாள். குடிநீர் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று, படிப்பு முடிந்த மறுநாளே வேலையில் சேரலாம் என்று வாக்களித்திருந்தது.

இந்நிலையில் கல்லூரி முதல்வர் அயல்நாடு ஒன்றில் மூன்று நாள் கருத்தரங்குக்குச் சென்று, இரண்டரை நாள் ஊர் சுற்றிப் பார்த்து, அங்கே ஆண்டை நான்காகப் பிரிக்கிறார்கள் என்பதை எஞ்சிய அரை நாளில் கண்டறிந்து திரும்பினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஏறியது: “இக்கல்லூரியில் பருவம் இன்றோடு ஒழிக்கப்படுகிறது. இனி மாணவ மாணவியர் அனைவரும் காலால் மட்டுமே மதிப்பிடப்படுவர்.”

விளையாட்டு ஆசிரியர் தம் துறைக்கு நல்ல காலம் பிறந்ததாக எண்ணி மகிழ்ந்தார். ஊரில் சம்பந்தம் பேச வந்தவர்கள், “பொண்ணுக்கு எத்தனை கால்?” என்று கேட்கலானார்கள். பெற்றவர்களும் சற்றும் கூசாமல் “எட்டு” என்றார்கள்.

என் பேத்தி மட்டும் அழுதாள். அவளுக்குத் துணையாகப் பதிவாளர் அறைக்குச் சென்றேன்.

“அஞ்சு பருவம்னா பத்து கால். அதுல ஒரு சிக்கலும் இல்ல,” என்றார் பதிவாளர். “பதினோராவது காலைத்தான் காணோம்.”

“அது ஆறாவது பருவத்தோட முதல் பாதி சார். நான் ஒரு நாள்கூட லீவ் போடலையே!”

“நீ வந்தேம்மா. கால் வரலையே! நீ படிச்சப்ப அதுக்குக் கால்னே பேர் இல்ல. இல்லாத காலுக்கு நான் எப்படி மார்க் போடுறது?”

“அப்ப நான் என்னதான் பண்ணணும்?”

“அடுத்த வருஷம் கால் வரும். அப்ப நீயும் வந்துடு.”

“அதுவரைக்கும் வேலை காத்திருக்குமா சார்?”

“அது அவங்க ஆபீஸ் விஷயம். அதுல நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.”

எனக்குச் சினம் தலைக்கேறியது. “கால் எதுக்குய்யா? கால் ரொம்ப நீளம்! அரைக்கால் ஆக்குங்க. அதையும் வெட்டி மாகாணி ஆக்குங்க. அதுவும் போதலைன்னா வருஷத்தை முந்நூத்தி இருபது கூறு போட்டு முந்திரின்னு பேர் வையுங்க! நம்ம பழைய கணக்குல எல்லாம் இருக்கு!” என்று முழங்கினேன்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. முதல்வர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“ஐயா, இத்தனை நாளா நீங்க எங்கே இருந்தீங்க?”

தேநீர் வந்தது. சுழல் நாற்காலி வந்தது. ‘மரபளவைப் பேராலோசகர்’ என்னும் பட்டமும் வந்தது. நான் வசையாகச் சொன்னேன் என்று விளக்கவே வாய் திறந்தேன். ஆனால் பெயர்ப்பலகையில் ‘ப்’ விடுபட்டிருந்தமையால், முதலில் அதைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

அரைக்கால் வந்தது. அது பழகுமுன் மாகாணி வந்தது. இறுதியில் முந்திரியும் வந்தே விட்டது. விடுமுறை போக, நாளொன்றுக்கு ஒரு முந்திரி: காலையில் தொடக்கவுரை, நண்பகலில் தேர்வு, மாலையில் முடிவு. இடையே பொழுதில்லாமையால் பாடம் நடத்தப்படவில்லை. தாவரவியல் துறையில் காலையில் ஊன்றிய விதை மாலைக்குள் முளைக்கத் தவறியது. அவ்விதை தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டது.

பேத்தியின் காணாமற்போன காலும் புதிய முறைப்படி எண்பது முந்திரியாக மாற்றப்பட்டது. எண்பது தேர்வையும் அவள் எழுதியாக வேண்டும். ஆய்வகமோ வரும் திங்கட்கிழமைக்கு மேல் பொறுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டது.

“தாத்தா, உங்களைத் துணைக்குத்தானே கூட்டிட்டுப் போனேன்?” என்றாள்.

“பதவியில இருக்கேன்ல, பாத்துக்கறேன். ஒரு மனு எழுதிக் குடு. வளவளன்னு எழுதாதே.”

அவள் ஒரே வரியில் எழுதினாள்: “எனக்கு எண்பது முந்திரியிலிருந்து விலக்கு அளிக்க வேண்டுகிறேன்.”

மனுவைப் பதிவாளர் நன்கு ஆராய்ந்து, உரிய பிரிவுக்கு அனுப்பினார். உரிய பிரிவு என்பது கல்லூரி உணவகம். உணவகத்தார் தயக்கமின்றி எழுதினார்கள்: “இம்மாணவிக்கு எண்பது மட்டுமன்று, ஒரு முந்திரியும் இனி எந்தப் பன்டத்திலும் இடப்படாது.” முதல்வர் அதன் கீழ் “மாணவியின் கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது” என்று பச்சை மையில் எழுதினார். இச்செய்தி பரவியதும், எதிலிருந்தாவது விலக்குக் கிடைத்தால் போதும் என்று கல்லூரி முழுவதும் அதே மனுவை நகலெடுத்துக் கொண்டு வரிசையில் நின்றது.

ஆய்வக வேலையில், இன்னும் பருவத்தை விடாத பக்கத்துக் கல்லூரியைச் சேர்ந்த ஒரு பெண் சேர்ந்தாள்.

பேத்தியின் மனு இறுதி ஒப்புதலுக்காக என் மேசைக்கு வந்தது. நான் அதை எழுத்தெண்ணிப் படித்தேன். ‘பன்டம்’ என்றிருந்ததை மூன்று சுழி போட்டுத் திருத்தி, வேறு பிழை எதுவும் இல்லையென்று சான்றளித்துக் கையொப்பமிட்டேன். இவ்வாறாக இவ்விவகாரம் தீர்த்துவைக்கப்பட்ட நாள், நவம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை.