தொடையில் சுற்றிய பிலிம்

அம்மாவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், என் தொடையைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் மூன்றே பேர்: என் வீட்டுக்காரர், கம்பெனி நர்ஸ், கேட் செக்யூரிட்டி. கடைசி இரண்டு பேரும் ஒரே நாளில் பார்த்தார்கள்.

அப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் வேலை. அந்த வாரம்தான் பர்மனென்ட் லிஸ்ட் வர இருந்தது. வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டிய நான் கண்ணாடியில் தொடையைப் பார்த்துத் தொலைத்தேன். குழி குழியாக இருந்தது. (சுடிதாருக்குள் கிடக்கிற தொடை எப்படி இருந்தால் எவனுக்கு என்ன? அந்த அறிவு அப்போது இல்லை.) காபித்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் சுற்றினால் கொழுப்பு கரைந்துவிடும் என்று போனில் ஒரு வீடியோ சத்தியம் செய்தது. பிளாஸ்டிக்குக்கா எங்களிடம் பஞ்சம்? பெட்டிகளைச் சுற்றும் பிலிமில் குப்பைக்குப் போகிற மிச்சத்தை எடுத்து, டூட்டி முடிந்ததும் பாத்ரூமில், வீட்டிலிருந்து குழைத்துக் கொண்டுபோன காபியைத் தொடையில் பூசி, மேலே இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

கேட்டில் மேரி அக்கா செக்கிங்.

"இன்னாடி, நடந்தா சரக்கு சரக்குன்னுது? உள்ள இன்னா வெச்சுக்கினு போற?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கா கால்ல காபி ஒழுவுது?"

குனிந்தேன். கணுக்காலில் டிகாக்‌ஷன். கம்பெனிப் பொருளை வெளியே எடுத்துப்போனால் வேலை போய்விடும். ஐயோ, ரெண்டு வருஷ உழைப்பு போச்சே என்று அங்கேயே ஓவென்று அழுதேன்.

அக்கா என்னை நர்ஸ் ரூமுக்கு இழுத்துப்போனார். நர்ஸம்மா பிலிமை வெட்டி எடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வியாதியே இல்லம்மா. தோலுக்கு அடியில கொழுப்பு மேல தள்ளுது. நாரு மாதிரி பட்டைங்க தோலைக் கீழ இழுத்துப் புடிச்சுக்கினு இருக்குது. அதான் குழி. மெத்தையில பட்டன் வெச்சுத் தெச்ச மாதிரி. ஹார்மோன், பரம்பரை, வயசு, எல்லாம் காரணம். ஒல்லியா இருக்கறவளுக்கும் வரும். காபிக்கெல்லாம் போவாது."

மேரி அக்கா வாயைப் பிளந்தார். "அப்போ எனக்கும் அதானா? வாயுன்னு நெனச்சு ஏழு வருஷமா பெருங்காயம் தின்னுக்கினு இருக்கேனே!"

ஆனாலும் ரிஜிஸ்டரில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். "பிலிம் வேஸ்ட், இரண்டு துண்டு. இருந்த இடம்: தொடை. திருட்டு இல்லை, அழகுக்காக" என்று எழுதினார். மறுநாள் கூப்பிட்டனுப்பிய எச்.ஆர். சார் அதைப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபேனைப் பார்த்து, "சரி, சரி, போங்க" என்றார். லிஸ்டில் என் பேர் இருந்தது. சாமி சத்தியமாக, அன்றைக்கு வந்த உயிர்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

கூடவே கேட்டில் ஒரு போர்டும் வந்தது: "உடம்பில் எந்தப் பொருளையும் சுற்றிக்கொண்டு வெளியே செல்லக் கூடாது." என் வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கல்யாணம் காதுகுத்து ஒன்று விடாமல் சொந்தக்காரர்களிடம் காட்டுகிறார். புதிதாகச் சேரும் பெண்களோ, "இன்னாத்தக்கா சுத்திக்கினு போவாங்க?" என்று கேட்கிறார்கள்.

கேட்பது என்னிடம்தான். அவர்களுக்கு டிரெயினிங் கொடுப்பது நான்.