மலையண்ணையும் மொரோக்கோ வெள்ளிக்கிழமையும்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களில் மலைப் பைத்தியம் பிடித்த ஒரே ஆள் எங்கடை மலையண்ணைதான். ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லாத ஊரில் பிறந்த மனுசனுக்கு இந்த வியாதி எங்கே தொத்தியது என்று ஒஸ்லோவில் எங்கடை சனம் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. ஒஸ்லோ மெட்ரோவில் வெஸ்ட்லிக்கு ரயில் ஓட்டுவார். லீவு கிடைத்தால் ஏதாவது மலையில் நிற்பார்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒருநாள், ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதி மரக்கறிக் கடையில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, மொரோக்கோவிலை சாக்ரோ எண்டொரு மலை. ப்ரெஞ்சு ஆமியையே மறிச்சு வைச்ச பழங்குடியள் இருக்கிற இடம். வாறியே?"

"அங்கை என்ன அண்ணை இருக்கு?"

"கல்லு."

இதைவிட நேர்மையான விளம்பரத்தை நான் கேட்டதில்லை. போனேன்.

அந்த வெயிலுக்கு மலையண்ணை நோர்வேக் கம்பளி உள்ளாடை போட்டுக்கொண்டு வந்தார். வழியில் கண்ட ஆட்டுக்காரர் எல்லாரிடமும் நோர்வேஜியனில் சுகம் விசாரித்தார். அவர்கள் தங்கள் பாசையில் மறுமொழி சொன்னார்கள். "நல்ல சனம், என்ன சொன்னாலும் விளங்குது பாத்தியே!" என்று பூரித்துப்போனார்.

வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடமாட்டார். அதற்கென்று பருத்தித்துறை வடையும் பொரிவிளாங்காய் உருண்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளி காலையில் பொதி சுமந்த கோவேறு கழுதை அதைத் துணிப்பையோடு தின்றுவிட்டது.

அன்று மத்தியானம் வழிகாட்டி ஹசனின் வீட்டில் விருந்து. பெரிய தட்டில் குஸ்குஸ், எங்கடை பிட்டுக்குத் தம்பி மாதிரி. அதன்மேல் பூசணிக்காயும் எங்களுக்காகவே அறுத்த ஆடும். மலையண்ணை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஹசனின் தகப்பன் கிழவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எங்கடை வீட்டுச் சாப்பாடு பிடிக்கேல்லையோ எண்டு அப்பா கேக்கிறார்" என்று ஹசன் ஆங்கிலத்தில் கேட்டான். நான் மலையண்ணையின் காதுப்பக்கம் குனிந்தேன்.

"அண்ணை, வயித்துக்குத்து எண்டு சொல்லுங்கோவன்!"

"சோறு போடுறவனுக்குப் பொய் சொல்லுறதே? உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். ஊரில் ஆமி இவரைப் பிடித்துக்கொண்டு போன நேரம், பிள்ளை உயிரோடு வந்தால் வெள்ளிக்கிழமை மச்சம் தின்னமாட்டான் என்று தாய் கோயிலில் நேர்ந்துவிட்டா. நேர்ந்தது அவ, வாயைக் கட்டினது இவர்.

ஹசன் அதைத் தகப்பனுக்கு மொழிபெயர்த்தான். ப்ரெஞ்சுக்காரன் இந்த மலையைச் சுற்றி வளைத்தபோது தன் தாயும் இப்படித்தான் நேர்ந்தவ என்றார் கிழவர். பிறகு, ஐயோ, அவ்வளவு இறைச்சியையும் எடுத்து உள்ளே அனுப்பிவிட்டார்! வீட்டில் ஒருத்தரும் தொடவில்லை. அந்த வாசத்துக்கு முன்னால் நானும் பூசணிக்காய்தான் தின்றேன். மலையண்ணை மட்டும் தட்டை வழித்துத் துடைத்துவிட்டு, கிழவரின் தோளில் கைபோட்டு நோர்வேஜியனில் கதை அளந்துகொண்டிருந்தார்.

அடுத்தநாள் உச்சியில் நின்றபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, அந்தப் பூசணிக்காய் ஆட்டுக் குழம்பிலைதான் அவிஞ்சது, தெரியுமோ?"

"எனக்கென்ன மூக்கில்லையே? முதல் வாயிலையே தெரியும்."

"அப்ப அம்மான்ரை நேர்த்தி?"

"அந்த மனுசன் எனக்காகத் தன்ரை பிள்ளையளுக்கு முன்னாலை இருந்த இறைச்சியை எடுத்தவன். அதுக்குப் பிறகும் நான் தட்டைத் தள்ளினா, அம்மாதான் முதல் அடி போடுவா."

சொல்லிவிட்டு அந்த மலை முழுக்கக் கேட்கச் சிரித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு, இந்த ஆள் என்ரை சொந்த அண்ணனாய்ப் பிறந்திருக்கக் கூடாதோ என்று இருந்தது.