அடுப்படி ஆவிக்கு ஒரு கிண்ணம் ஓட்ஸ்

இனி தலைகீழாக நின்றாலும் ஓட்ஸ் கஞ்சியைத் தொடுவதில்லை என்று சத்தக்காரர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணிக்கு, குளியலறையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு. சும்மா எடுத்த முடிவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டி, கண்ணாடிக்குள் இருந்தவரும் தலையாட்டிய பிறகு எடுத்த முடிவு. அதை மனைவியிடம் சொல்லும் தைரியம்தான் பாக்கி.

சத்தக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். வானொலி நிலையத்தில் நாடகங்களுக்குச் சத்தம் போடுவது அவர் பிழைப்பு. கதவு கிறீச்சிட வேண்டுமா, பலகையில் அறைந்த பழைய கீல் ஒன்று வைத்திருக்கிறார். மழைக்குத் தகரத்தட்டும் காய்ந்த பட்டாணியும். எலும்பு முறிவதற்கு ஒரு கேரட் போதும். வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒலிபரப்பாகும் பேய் நாடகத்தில் பேயின் காலடி, பெருமூச்சு, நகம் பிறாண்டல் எல்லாம் இருபத்தாறு வருஷமாக இவர் கைவண்ணம். அதனால் மனுஷனுக்குப் பேய் பயமே விட்டுப்போயிருந்தது. எந்தச் சத்தம் கேட்டாலும், பின்னால் என்ன பொருள், எந்தக் கை என்று சொல்லிவிடுவார். பின்னால் ஒன்றுமே இல்லாத சத்தத்தை அவர் கேட்டதே கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு ஓட்ஸ் மேல் என்ன கோபம்? அதற்குச் சத்தமே இல்லை, அதுதான். காலைச் சாப்பாடு என்றால் வாய்க்குள் மொறுமொறுவென்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது அவர் கட்சி. வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி பேசும். ஓட்ஸ் ஊமை. உள்ளே போவதும் தெரியாது, போனதும் தெரியாது.

அவர் மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். மாத்திரையை எண்ணுகிற கையால்தான் ஓட்ஸையும் அளப்பார். சும்மா சொல்லக்கூடாது, முப்பத்துநாலு நாளில் ஒரு நாள் செய்ததை மறுநாள் செய்யவில்லை அம்மணி. பாலும் பட்டையும் ஒரு நாள். ஆப்பிளைத் துருவிப் போட்டு ஒரு நாள். வாழைப்பழத்தை மசித்து, பேரீச்சம்பழத்தை அரைத்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி மிளகு தட்டி, முட்டையை உடைத்து ஊற்றி, முந்தின சாயங்காலமே தயிரில் ஊறவைத்து, கோகோ கலந்து, தட்டில் பரப்பி ஓவனில் சுட்டு... வேஷம் எத்தனை போட்டாலும் உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாக்கு செத்துப்போச்சு என்று நிலையத்தில் எல்லோரிடமும் புலம்பினார். வீட்டில் மட்டும் புலம்பவில்லை.

காரணம் இருக்கிறது. ஒன்றரை மாசத்துக்கு முன்னால் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டார். நெஞ்சில் ஒரு இறுக்கம், முகமெல்லாம் வியர்வை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை மேலிருந்து பார்த்த மனைவி கத்தவில்லை, அழவில்லை. வந்து அவரைப் படியில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். டாக்டர் கொழுப்பு என்றார், ஓட்ஸ் என்றார், ரெண்டு மாசத்தில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்தத் தேதி நாட்காட்டியில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. அம்மணிக்கு அந்த வட்டம்தான் எல்லாம்.

சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் சத்தக்காரர் தொழிலைக் கையில் எடுத்தார். அம்மணி அவருடைய பேய் நாடகத்தை ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை, பாதியில் அணைத்துவிடுவார். பயம், வேறென்ன?

அன்று சாயங்காலமே கதையை அவிழ்த்துவிட்டார். இந்த வீட்டில் நமக்கு முன்னால் ஒரு பாட்டு டீச்சர் தனியாகக் குடியிருந்தாராம். ஓட்ஸ் கஞ்சியே ஆகாரமாம். ஒரு நாள் காலையில் இதே மேஜையில், கடைசிக் கரண்டி வாய்க்குப் போகும் முன்னால் உயிர் போய்விட்டதாம். அதிலிருந்து ஓட்ஸ் வாசனை வந்தால் டீச்சரும் வருவாராம். நாம் ஆரம்பிக்கும் வரை யாரும் இங்கே ஓட்ஸ் காய்ச்சாததால் தொந்தரவு இல்லையாம். அம்மணி துணி மடித்தபடி கேட்டுக்கொண்டு, யார் சொன்னது என்று மட்டும் கேட்டார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்.

சொன்ன பிறகுதான் தையல்காரம்மாவைச் சரிக்கட்ட வேண்டுமே என்று உறைத்தது. மறுநாள் வேலை முடிந்து வந்ததும் நேராக அவர் வாசலுக்குப் போய், சிரித்துக்கொண்டே, பாட்டு டீச்சர் என்று ஆரம்பித்தார். தையல்காரம்மா மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். மெஷின் நின்றது.

"அந்தம்மாவைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா? நாங்க யாரும் பேசறதில்லையே."

சத்தக்காரருக்குச் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துவிட்டது. தன் மண்டையில் பிறந்த டீச்சர் அடுத்தவர் ஞாபகத்தில் எப்படிப் போய் உட்கார்ந்தார்? மேலே எதுவும் கேட்கத் தோன்றாமல் படியேறினார். ஏதோ ஒரு டீச்சர் நிஜமாகவே இருந்திருப்பார், தற்செயல் என்று பதினெட்டுப் படியும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடியும் நேரம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அடுப்படியை ஒட்டிய சாமான் அறையில் போய் ஒளிந்தார். கீல் ஒருமுறை அழுதது. பழைய செருப்பு தரையில் இழுபட்டது. காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்தது அலறல்தான் என்று காத்திருந்தார்.

அலறல் வரவில்லை. அலமாரி திறந்தது. மேஜை மேல் ஒரு கிண்ணம் உட்கார்ந்தது, பிறகு இன்னொன்று. நாற்காலி ஒன்று மெல்லப் பின்னால் நகர்ந்தது. தாழ்ந்த குரலில் மனைவி பேசினார்.

"உக்காருங்க டீச்சர்."

சாமான் அறை இருட்டில் சத்தக்காரருக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்றது.

குளித்து வந்தவர் போல அவர் அடுப்படியில் வந்து நின்றபோது அம்மணி பதறவே இல்லை. பாவம், பசியோடு போன ஆத்மா, ஒரு கிண்ணம் கொடுத்தால் ஆச்சு என்றார். கிண்ணம் காலியானால் வந்தது டீச்சர்தான். காலியாகவில்லை என்றால் அது வெறும் எலி, அல்லது காற்று, நாம் பாட்டுக்கு இருக்கலாம். சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பப் புடவை மாற்றப் போய்விட்டார்.

இப்போது சத்தக்காரருக்கு எதிரே இரண்டு கிண்ணம். டீச்சர் உயிரோடு, அதாவது செத்தபடி, நீடிக்க வேண்டுமானால் அந்தக் கிண்ணம் காலியாக வேண்டும். தொட்டியில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். ஜன்னல் வழியாகக் கொட்டினால் நேர் கீழே தையல்காரம்மா. முழி பிதுங்க நின்றவர் கடைசியில் கரண்டியை எடுத்தார். தன்னுடையதில் உப்பும் மிளகும்தான் இருந்தது. டீச்சருக்கு வாசம் வர வறுத்து, வாதுமை நறுக்கிப் போட்டு, மேலே தேன். இருக்கிறவனை விட்டுவிட்டுச் செத்தவளுக்கு உபசாரமா என்று எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் டீச்சருக்கு ஏலக்காயும் பேரிக்காயும். அதற்கு மறுநாள் ஆரஞ்சுத் தோல் சீவியது. ஓட்ஸிலிருந்து தப்பிக்க வந்த மனுஷன் தினம் இரண்டு கிண்ணம் ஓட்ஸ் தின்றுகொண்டிருந்தார். போதாததற்கு, அவர் அடுப்படிக்குள் நுழைவதற்கு முன்பே அந்த எதிர் நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி, மேஜையைவிட்டுத் தள்ளிக் கோணலாக நின்றது. நாற்காலியை அவர் தொடவில்லை. மனைவியைக் கேட்டால், நானும் தொடலையே என்றார்.

ஆறாவது நாள் தாங்காமல், டீச்சர் போய்விட்டார், விடைபெற்ற குரலைக் காதாரக் கேட்டேன் என்று அறிவித்தார். அப்படியா என்றார் மனைவி. சத்தக்காரர் கீலையும் செருப்பையும் பாட்டிலையும் பையில் போட்டு நிலையத்துக்கே திருப்பி எடுத்துப் போய்விட்டார். வீட்டில் சத்தம் போட ஒரு சாமானும் இல்லை.

அடுத்த விடியலில் சத்தம் கேட்டது.

கண் விழித்தபோது ஜன்னல் இன்னும் வெளுக்கவில்லை. மனைவி பக்கத்தில்தான் இருந்தார், முதுகு காட்டி, சீரான மூச்சோடு. அடுப்படியில் யாரோ மூச்சுவிட்டார்கள். ப்ளக். பிறகு நீண்ட இடைவெளி, போய்விட்டது என்று நம்பும் அளவுக்கு. மறுபடி ப்ளக். கனமாக, ஈரமாக, தொண்டையில் ஏதோ அடைத்திருப்பவர் பேச வாயைத் திறந்து திறந்து மூடுவது போல. நடுநடுவே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அதோடு மெல்லிய ஒரு டங்.

சத்தக்காரர் படுத்தபடியே தன் சாமான்களை எல்லாம் மனசுக்குள் புரட்டினார். ஈரத் தோலா? இல்லை. ரப்பர் கையுறைக்குள் தண்ணீரா? அது இன்னும் லேசாகக் கேட்கும். சேற்றில் கால்? சேறு இவ்வளவு பொறுமையாக இருக்காது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சத்தத்தின் பின்னால் அவருக்கு எந்தப் பொருளும் தெரியவில்லை, எந்தக் கையும் தெரியவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவர் திரும்பாமலே கொஞ்ச நேரம் கேட்டார். டீச்சர்தான் என்றார்.

சத்தக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டீச்சர் என்று யாருமில்லை, தானாகக் கட்டிய கதை, கீல், செருப்பு, பாட்டில், இத்தனை நாள் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்ததும் தான்தான் என்று ஒன்றையும் விடவில்லை. இருட்டில் மனைவி எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க இல்லாத ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க. வந்துட்டாங்க. அவங்களுக்கு ஏதுங்க வாய்? இத்தனை நாளும் உங்க வாயாலதான சாப்பிட்டாங்க."

சத்தக்காரருக்குத் தன் வாயைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. இனி என்ன செய்வது என்று கேட்டார். பசியோடு விடக்கூடாது, இரண்டு கிண்ணமும் மிச்சமில்லாமல் காலியாக வேண்டும், அவ்வளவுதான் என்றார் மனைவி. உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டதற்கு, அவர் கையை நீட்டிக் கணவரின் நெஞ்சில் வைத்தார்.

"எனக்கும் பயம்தான். ஆனா என் பயம் அடுப்படியில இல்ல. இங்க இருக்கு."

பிறகு எழுந்து போனார். அவர் அடுப்படிக்குள் கால் வைத்ததும் சத்தம் அடங்கியது.

அன்றிலிருந்து சத்தக்காரர் மறுபேச்சில்லாமல் இரண்டு கிண்ணமும் வழித்துச் சாப்பிட்டார். விடியற்காலையில் டீச்சர் வருவார், ப்ளக், ப்ளக் என்பார், அம்மணி போவார், அடங்கும். எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிடக் கற்றுக்கொண்டார். சிவப்பு வட்டத்து நாள் வந்தது. ரத்தத்தைப் பார்த்த டாக்டர் கையைக் குலுக்கினார். இப்படியே போனால் பயமில்லை என்றார். வெளியே நடைவழியில் அம்மணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சத்தக்காரர் பார்த்தார். அந்த நிமிஷம் மூன்றாவது கிண்ணம் கொடுத்திருந்தாலும் சாப்பிட்டிருப்பார்.

உடம்பில் தெம்பு வந்ததும் தொழில் புத்தியும் வந்தது. நிஜ ஆவியின் நிஜ மூச்சு, உலகத்தில் எந்தச் சத்தக்காரனிடம் இருக்கிறது? ஒரு விடியலில் ஒலிப்பதிவுக் கருவியைப் படுக்கையறை வாசலில் வைத்து, போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, முழுசாகப் பிடித்துவிட்டார். நிலையத்தில் ஜன்னலில்லாத அறைக்குள் விளக்கைக் குறைத்துப் போட்டுக் காட்டினார். தயாரிப்பாளர், வசனம் படிக்கிறவர்கள், பொறியாளர் எல்லோருக்கும் முகம் வெளுத்தது. பேய் வேஷக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். ஐந்து ஆம்பிளைகள், காலை நேரத்து அடுப்பின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நாடகம் ஒலிபரப்பானது. கதாநாயகன் நடைவழியில் தனியாக நிற்கிறான். அமைதி. ப்ளக். ப்ளக். அவன் அலறுகிறான். நிலையத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பாராட்டு என்று சத்தக்காரரே ஓடிப் போய் எடுத்தார்.

பேசியவர் ஒரு பெண். குழந்தை அழுகை பின்னால் கேட்டது. அவசரமாகச் சொன்னார்: அங்கே யாரோ ஓட்ஸை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள், அடிப்பிடிப்பதற்குள் ஒரு கை தண்ணீர் ஊற்றிக் கிளறச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு, தீயைக் குறைக்கச் சொன்னது. அதற்கடுத்தவர், ஓட்ஸ் கொதிக்கிறதைப் பார்த்து அந்த ஆள் ஏன் இப்படி அலறுகிறான் என்று விசாரித்தார். ஏழரைக்குள் நாற்பத்துமூன்று அழைப்பு. எல்லாம் பெண்கள்.

அசடு வழிய வீட்டுக்கு வந்தார். வானொலி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மணி கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்த களைப்பில் உட்கார்ந்திருந்தார். ஒளிக்கவில்லை. முழு ஓட்ஸ், தட்டையாக்காதது, சின்னத் தீயில் மூடி போட்டு முக்கால் மணி நேரம் வேக வேண்டும், அஞ்சு மணிக்கு வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன் என்றார். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டதும் நான்தான் என்றார். தையல்காரம்மாவிடம் புதன்கிழமை காலையிலேயே பேசியாகிவிட்டதாம்.

சத்தக்காரர் தொண்டையைச் செருமினார். மிச்சமிருந்த மானத்தையெல்லாம் ஒன்று திரட்டி, ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"சரி, போகட்டும். ஆவின்னு ஒண்ணு இல்லைன்னு ஆயிடுச்சு. அப்ப நாளையிலேர்ந்து டீச்சர் கிண்ணம் வேண்டாம், என் கிண்ணம் மட்டும் போதும்."

"எப்படிங்க போதும்? டாக்டர் முதல் நாளே தினம் ரெண்டு கிண்ணம்னுதான் எழுதினார். நீங்க அப்ப அவர் நாற்காலி கிறீச்சிடறதைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க. ரெண்டாவதை உங்க வாயில எப்படிப் போடறதுன்னு நான் முழிச்சிக்கிட்டிருந்தப்பதான், நீங்களே டீச்சரைக் கூட்டிட்டு வந்தீங்க."